எலியின் இடது காது

தலையணைக்காகப் பேச்சை நிறுத்துகிற புருஷன் பெண்டாட்டி உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. ஊசிக்காரியும் கூண்டுக்காரரும் நிறுத்தினார்கள். அதுவும் பட்டுத் தலையணை ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக அவள் தலை அழுத்தி அழுத்தி நடுவில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தில் தலை வைத்தால்தான் தூக்கம் என்று ஆகிவிட்ட பழைய பஞ்சுத் தலையணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலையில் கடைக்குப் போய் மத்தியானம் திரும்புவதற்குள் அதைக் காணோம்.

“தூக்கிப் போட்டுட்டேன்” என்றார் கூண்டுக்காரர், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

“யாரைக் கேட்டு?”

“எலிக்கு வாரத்துக்கு ஒரு தடவை படுக்கை மாத்தறேன். உனக்குப் பத்து வருஷமா மாத்தலை. பாவமா இருந்துச்சு.”

“என்னை எலியோட சேர்க்கறீங்களா?”

“எங்க சேர்த்தேன்? எலிக்கு ஒழுங்கா மாத்தறேன்னுதானே சொன்னேன்.”

அதோடு வீட்டில் பேச்சு நின்றது.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில், இரண்டு கதவுகள் தாண்டி, கையுறையும் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நுழைய வேண்டிய எலி வீடு. அவர் கூண்டுகளைப் பார்க்கிறவர்: தீனி, தண்ணீர், மரத்தூள் படுக்கை, வெளிச்சம், வெப்பம் எல்லாம் அவர் பொறுப்பு. அவள் எலிகளுக்கு ஊசி போடுகிறவள். நெல்லிக்காய் அளவு வயிற்றில், குடலில் படாமல், எலி ‘கீச்’ என்பதற்குள் போட்டு எடுத்துவிடுவாள். மருந்தே உள்ளே போகவில்லையோ என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அவ்வளவு சுத்தமான கை. இப்படித்தான் ஊசிக்காரி, கூண்டுக்காரர் என்று பெயர் நிலைத்தது.

அந்தக் கைக்குப் பதினோரு வருஷமாக வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிற மாதத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம்தான் நிரந்தரமாக்குவது என்று பேச்சு வந்திருந்தது. அவளுடைய மேலதிகாரி டாக்டரம்மா சிபாரிசுக் கடிதம் எழுதி, வெள்ளிக்கிழமை கூடும் குழுவின் முன் வைக்க வேண்டும். குழு தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் இந்த வயதில் புதிதாக எங்கே போய் எந்த எலியைத் தேடுவது?

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இதுதான். கால் மூட்டு வீங்குகிற எலிகள் இருபது, கூண்டுக்கு ஐந்தாக நான்கு கூண்டில். வீக்கத்தைக் கிளப்பிவிடுகிற ஒரு புரதத்தைப் பிடித்து முடக்க ஓர் ஆன்டிபாடி. ஒரே ஒரு செல்லின் சந்ததியிலிருந்து எடுத்ததால் அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒரே வடிவம். கூட்டத்தில் தன் செருப்பை மட்டும் தேடுகிறவனைப் போல உடம்புக்குள் அந்த ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். மூன்று நாளில் வேகம் அடங்கிவிடுகிற அளவு. அதனால் மூன்று நாளைக்கு ஒரு ஊசி. இது சிவப்பு மூடிக் குப்பி. நீல மூடிக் குப்பியில் இருப்பதும் ஆன்டிபாடிதான். அதே எடை, அதே உருவம், ஆனால் உடம்புக்குள் எதையும் பிடிக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த டம்மி.

“பார்த்தா அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். ஆனா ஒரு வேலையும் செய்யாது” என்று டாக்டரம்மா முதல் நாள் விளக்கினபோது, ஊசிக்காரி ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அப்போது இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எந்த எலிக்கு எந்தக் குப்பி என்பது காதில் இருந்தது. எலியின் காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அல்லது இரண்டு. கூண்டுக்கு இரண்டு எலிகளுக்கு இடது காதில்; அவை சிவப்பு. இரண்டுக்கு வலது காதில், அவை நீலம். வெட்டில்லாத ஒன்றுக்கு ஊசியே கிடையாது. வெட்டினவர் கூண்டுக்காரர். ஊசி போடும் நேரம் ஒவ்வோர் எலியாகத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து, “இடது ஒண்ணு”, “வலது ரெண்டு” என்று குரல் கொடுப்பார். பிறகு வயிறு தெரியத் திருப்பி நீட்டுவார். அவள் குரலைக் கேட்டுக் குப்பியை எடுப்பாள். பதினோரு வருஷமாக அவர் வாய், அவள் கை. எலியின் காதை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

முதல் இரண்டு ஊசி அப்படித்தான் நடந்தது. மூன்றாவது ஊசி, தலையணை போன மறுநாள்.

வீட்டில் பேச்சு நின்றாலும் காரியம் நிற்கவில்லை. அதற்கு நாத்தனார் இருந்தாள். கூண்டுக்காரரின் அக்கா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ஒரு காதில் கேட்கும் கருவி மாட்டியவள். இரண்டு பக்கத்துச் சேதியும் அவள் வழியாகத்தான் போய் வரும்.

“அண்ணி, சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

“டேய் தம்பி, சாப்பாடு மேஜை மேல இருக்காம்.”

“தெரியுது, கண்ணு இருக்குன்னு சொல்லுக்கா.”

நான்கைந்து சுற்று போனதும் நாத்தனார் கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவாள். “இன்னிக்குத் தபால் ஆபீஸ் லீவு. எதிரெதிர உக்காந்துகிட்டு என் காதை ஏன்டா தேய்க்கறீங்க?”

எலி வீட்டில் நாத்தனார் இல்லை. கூண்டுக்காரர் எலியைத் தூக்கினார், முகம் பார்த்தார், வாயைத் திறக்காமல் திருப்பி நீட்டினார். கேட்டால் அவள் கௌரவம் என்னாவது? ஊசிக்காரி தானே காதைப் பார்த்தாள். இடது காதில் வெட்டு, சிவப்பு. போட்டாள். அறையில் காற்றாடியும், எலிகள் தண்ணீர்க் குழாயை நக்கும் டிக் டிக்கும்தான் கேட்டது. நான்காவது ஊசியும் அப்படியே போனது.

ஐந்தாவது ஊசியன்று முதல் எலியே கைநழுவித் துள்ளி விழுந்து அவள் காலணியின் மேல் ஏறியது. “ஏங்க! பிடிங்க!” என்று அவள் அலற, “ஆடாத, அது பயப்படுது!” என்று அவர் கத்த, பேச்சு வந்துவிட்டது. அன்றைக்கே அவர் சமாதானமாக ஒரு புதுத் தலையணை வாங்கி வந்தார். அது இரண்டு மாடி உயரம் இருந்தது.

“இதுல படுத்தா நான் உக்காந்துகிட்டுத் தூங்கற மாதிரி இருக்கும்.”

“எலிங்ககூடப் புதுப் படுக்கையைக் குறை சொல்றதில்லை.”

மறுபடியும் நின்றது. ஆறாவது, ஏழாவது ஊசி இரண்டும் ஊமைப்படம்.

இதற்கிடையில் டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வோர் ஊசிக்கு மறுநாளும் அவரே வந்து எலிகளின் பின்னங்காலை அளவுகோலால் அளப்பார். கூண்டுக்காரர் பிடித்துக்கொண்டு காதைச் சொல்வார். டாக்டரம்மாவுடன் அவருக்குச் சண்டை இல்லையே. அளவுகளைப் பலகையில் கோடு போட்டுப் பார்த்தால், இடது காது எலிகளுக்கு வீக்கம் வடிகிறது, பிறகு ஏறுகிறது, வடிகிறது, ஏறுகிறது. டம்மி போட்ட வலது காது எலிகளுக்கு நேர் எதிர். இரண்டு கோடும் ஜடை பின்னின மாதிரி.

அவர் குப்பிகளைச் சோதித்தார். ஃப்ரிட்ஜைச் சோதித்தார். அளவுகோலை மாற்றினார். கடைசியாக ஊசிக்காரியைக் கூப்பிட்டார்.

“ஊசி மாறிப் போயிருக்க வாய்ப்பு இருக்கா?”

“மேடம், மாறியிருந்தா என் தலையை வெட்டி அந்த மேஜை மேல வெச்சுடறேன்.”

“அது போதும். உங்க கையை நான் சந்தேகப்படலை.”

சந்தேகப்படாததால் டாக்டரம்மா வேறொரு முடிவுக்கு வந்தார். ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் நோயை முறை வைத்து மாற்றி மாற்றிச் சுமக்கின்றன! ஒன்று தேறினால் இன்னொன்று வாங்கிக்கொள்கிறது! உலகத்தில் யாரும் பார்க்காத விஷயம். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால், வெளியூர் நிபுணர்கள் நாலு பேரை வைத்து, இதைச் சொல்லப் போவதாக இருந்தார். சந்தோஷத்தில் வாட்ச்மேனுக்குக்கூட அந்தக் கோடுகளை வரைந்து காட்டினார்.

வியாழக்கிழமை காலை. ஊசிக்காரி சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் கருவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

“பேட்டரி மாத்திட்டேன். இடது காதுல மாட்டி விடுடா. எனக்குக் கை நடுங்குது.”

கூண்டுக்காரர் அக்காவுக்கு எதிரே குனிந்து, முகத்தை உற்றுப் பார்த்து, கருவியை அவளுடைய வலது காதுக்குக் கொண்டுபோனார்.

“அது வலதுடா!”

“எனக்கு இதுதான் இடது பக்கம்.”

“காது என்னோடதா உன்னோடதா?”

“நான் எதுர நின்னு பாக்கறேன்ல? எனக்கு எந்தப் பக்கமோ அதுதானே சொல்ல முடியும்? எலிக்கெல்லாம் அப்படித்தான் சொல்றேன். அதுங்க ஒண்ணும் சண்டைக்கு வர்றதில்லை.”

தட்டுகள் ஊசிக்காரியின் கையிலிருந்து தரைக்குப் போயின. நல்லவேளை, எவர்சில்வர்.

“ஏங்க” என்றாள்.

கூண்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னைத்தானா?

“எலிக்கு எது இடது காது?”

ஒரு வாரத்துக்கு மேல் பேசாத பெண்டாட்டி முதல் முதலாகக் கேட்கிற கேள்வி இதுவாக இருக்கும் என்று எந்தப் புருஷன் எதிர்பார்ப்பான்? அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தப் பக்கம் இருக்கறது.”

“எலியோட இடது கை பக்கம் இருக்கறதுதானே இடது காது! புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு!”

“எந்தப் புத்தகத்துல?”

“எல்லாப் புத்தகத்துலயும்!”

“நான் புத்தகத்தைப் பார்த்தா காதை வெட்டறேன்? எலியைப் பார்த்து வெட்டறேன்.”

ஊசிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசின நாளில் அவர் இடது. பேசாத நாளில் இவள் இடது. அப்போதெல்லாம் சிவப்பு மருந்து நீல எலிகளுக்குப் போயிருக்கிறது. டாக்டரம்மாவின் பலகையில் ஏறி இறங்கின கோடு எலிகளின் கோடே அல்ல. அது இந்த வீட்டின் கோடு.

கூண்டுக்காரருக்கும் மெதுவாக விளங்கியது. முகம் வெளுத்தது. “இப்ப என்ன பண்றது?”

“போய்ச் சொல்லணும்.”

“நாளைக்குத்தானே உன் கடிதம்? சனிக்கிழமை சொன்னா ஆகாதா? ஒரே ஒரு நாள்.”

“நாளைக்கு அவங்க நாலு பேர் முன்னாடி எலி முறை வெச்சு நோய் மாத்திக்குதுன்னு சொல்வாங்க. என் கையை நம்பித்தானே சொல்றாங்க?”

“பதினோரு வருஷம்மா” என்றார் அவர். குரல் இறங்கிப் போயிருந்தது. “வருஷா வருஷம் அந்த மாசத்துல நீ சாப்பிடாம கிடக்கறதை நான்தானே பாக்கறேன்.”

தலையணையைத் தூக்கிப் போட்ட ஆள் இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருந்தார்?

“வண்டியை எடுங்க” என்றாள்.

நாத்தனார் கருவியைத் தானே சரியான காதில் மாட்டிக்கொண்டாள். “இப்பத்தான் கேக்குது. என்னடா சொல்லிகிட்டீங்க? நான் யாருக்கு என்ன சொல்லணும்?”

டாக்டரம்மாவின் அறைப் பலகையில் இரண்டு கோடுகளும் சிவப்பிலும் நீலத்திலும் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. “வாங்க வாங்க, பாருங்க இந்த அழகை!” என்றார் டாக்டரம்மா. ஊசிக்காரி பார்க்கவில்லை. நின்றபடியே, ஒரே மூச்சில், காதையும் தலையணையையும் நாத்தனாரையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, “தலையை வெட்டி வைக்கறேன்னு சொன்னேன் மேடம்” என்றாள். அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“எந்தெந்த ஊசிக்குப் பேசலை?”

“மூணு, நாலு, ஆறு, ஏழு” என்றாள் ஊசிக்காரி.

“ஆறுக்குப் பேசினோமே” என்றார் கூண்டுக்காரர்.

“எங்க பேசினோம்?”

“‘தள்ளு’ன்னு சொன்னேன்.”

“அதுக்குப் பேர் பேச்சா?”

“தள்ளுன்னு சொல்லிட்டுக் காதைச் சொன்னீங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இல்லை மேடம். தள்ளு மட்டும்தான்.”

“அப்ப அது கணக்குல வராது. ஆனா உங்க ஞாபகத்தை நம்பி நான் எதையும் எழுத முடியாது. எழுத்துல ஏதாவது இருக்கா?”

கூண்டுக்காரர் காலை மாற்றி நின்றார். பெண்டாட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “அறைப் புத்தகத்துல இருக்கு மேடம்” என்றார் சன்னமாக.

எலி வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு புத்தகம் உண்டு. வெப்பம், ஈரம், வெளிச்சம், சத்தம் என்று நான்கு கட்டம். சத்தம் மாறினால் எலிகளின் உடம்பு மாறும். ஆகவே மாறின சத்தத்தை எழுத வேண்டும் என்பது விதி. விதி என்றால் கூண்டுக்காரருக்கு விதிதான். அவர் கொண்டுவந்த புத்தகத்தை டாக்டரம்மா பிரித்து உரக்கப் படித்தார்.

“முதல் ஊசி. வெப்பம் 22. ஈரம் 50. சத்தம்: வழக்கம் போல். ரெண்டாவது, வழக்கம் போல். மூணாவது...” நிறுத்தினார். “சத்தம்: இல்லை.”

“ஆமா மேடம்” என்றார் கூண்டுக்காரர்.

“நாலாவது. சத்தம்: இல்லை. எலி தண்ணீர் குடிப்பது கேட்கிறது. அஞ்சாவது. சத்தம்: வழக்கம் போல். இதுக்குக் கீழ ஏன் ரெண்டு கோடு போட்டிருக்கீங்க?”

அவர் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

“ஆறாவது. சத்தம்: இல்லை. அறை பெரிதாகத் தெரிகிறது.” டாக்டரம்மாவின் குரல் தானாகத் தணிந்தது. “ஏழாவது. சத்தம்: இல்லை. நன்றாக இல்லை.”

ஊசிக்காரி எட்டிப் பார்த்தாள். அவருடைய எறும்பு எழுத்துதான். தன் பிறந்தநாளுக்குக்கூட ஒரு வரி எழுதித் தராத மனுஷன், எலிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இவருக்குப் பேசாமல் இருப்பது சௌகரியம் போலிருக்கிறது என்று அவள் இத்தனை நாளும் உள்ளுக்குள் குமைந்திருந்தாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

“தப்பு என்னோடது மேடம்” என்றாள்.

“இல்லை மேடம், காதை வெட்டினது நான்.”

“பார்த்துப் போட்டது நான்.”

“சொல்லாம விட்டது நான். நீ சும்மா இரு.”

“நீங்க சும்மா இருந்துதான் இவ்வளவும்!”

“ரெண்டு பேரும் கொஞ்சம்...” என்ற டாக்டரம்மா, திடீரென்று, “தலையணையை நிஜமாவே தூக்கிப் போட்டீங்களா?” என்றார்.

கூண்டுக்காரர் விழித்தார். “தூக்கிப் போடலை மேடம். ஞாயித்துக்கிழமை தண்ணி பார்க்க வந்தப்போ ஆட்டோகிளேவ்ல வெச்சேன். கூண்டைச் சுத்தம் பண்ற மாதிரி இவளுக்கும் சுத்தம் பண்ணிக் கொடுக்கலாம்னு.”

கூண்டுகளைக் கொதிநீராவியில் வேகவைக்கிற இரும்புப் பெட்டி அது.

“எத்தனை டிகிரி?”

“நூத்தி இருபத்தொண்ணு. இருபது நிமிஷம். வெளிய எடுத்தா இவ்வளவுதான் இருந்துச்சு.” இரண்டு கையாலும் ஒரு ரொட்டி அளவு காட்டினார். “எப்படிச் சொல்றது? அதான் தூக்கிப் போட்டேன்னுட்டேன். இங்க என் அலமாரியிலதான் இருக்கு. போட மனசு வரலை.”

டாக்டரம்மா சிரித்தார். பெரிய கண்டுபிடிப்பு கைநழுவிப் போன துக்கமும் அதில் இருந்தது. கண்ணில் தண்ணீர் வர வர மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து, டஸ்டரை எடுத்து, ஜடையை மேலிருந்து கீழ் வரை அழித்தார்.

“கடிதம் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். ‘இவர் கையை நம்பலாம்’னு எழுதியிருக்கேன்.”

ஊசிக்காரி தலை குனிந்தாள். “கிழிச்சுடுங்க மேடம்.”

“எதுக்கு? கீழ ஒரு வரி சேர்க்கறேன். ‘இவர் வாயையும் நம்பலாம்.’ நடந்ததையும் ஒரு பக்கம் எழுதி வைக்கறேன். குழு என்ன சொல்லுதோ சொல்லட்டும்.”

குழு கடிதத்தை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. புது எலிகள் இருபதை வைத்து மறுபடி செய்யட்டும், முடிவைப் பார்த்துச் சொல்கிறோம் என்றது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இடது என்றால் எலியின் இடது. ஊசி போடும் நேரத்தில் பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவது கட்டாயம். இரண்டாவது வரியைக் கூண்டுக்காரர் நான்கு தடவை படித்தார்.

புது எலிகளுக்கு முதல் ஊசி.

“இடது ஒண்ணு.”

“யாரோட இடது?”

“எலியோட இடதும்மா.”

“எலி எந்தப் பக்கம் பாக்குது?”

“உன்னைத்தான் பாக்குது. பயந்து போய்ப் பாக்குது.”

“கல்யாணமாகிப் பதினாறு வருஷமா நீங்க பயப்படலை. அந்த எலியாவது பயப்படட்டும்.”

ஏழு ஊசியும் இப்படியே போனது. ஏழு ஊசிக்கும் கோடுகள் தொட்டுக்கொள்ளவே இல்லை. சிவப்பு நேராக இறங்கியது, நீலம் ஏறினபடி நின்றது. டாக்டரம்மா அதைப் பார்த்து, பழைய ஜடை இதைவிட அழகாக இருந்தது என்று ஒரு பெருமூச்சு விட்டார். நிரந்தர ஆணை வந்த அன்று ஊசிக்காரி அதை எலி வீட்டின் உள்கதவுக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினாள். உள்ளே கூண்டு மாற்றிக்கொண்டிருந்த புருஷன் இரண்டு எலிகளைப் பிடித்த கையோடு படித்தார். படித்துவிட்டு எலிகளிடம் ஏதோ சொன்னார்.

பிறகு அவளும் உள்ளே போனாள். அறைப் புத்தகம் திறந்திருந்தது. சத்தக் கட்டத்தில் அவர் எழுதியிருந்த ‘வழக்கம் போல்’ என்பதை அடித்துவிட்டு, ‘அதிகம்’ என்று எழுதினாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது, பக்கத்திலேயே எறும்பு எழுத்தில் இரண்டு வார்த்தை சேர்ந்திருந்தது. நன்றாக இருக்கிறது.